நாயின் கண்ணுக்குப் பின்னே வளரும் கட்டி

கண்குழிக் கட்டி என்பது நாயின் கண்ணுருண்டைக்குள் வருவதல்ல. அந்த உருண்டை பொதிந்திருக்கும் குழியில், அதற்குப் பின்னாலோ பக்கத்திலோ முளைத்து வளர்வது. அரிதான நோய். 1985இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் இதழில் இதுபற்றி வந்த ஆய்வு 23 நாய்களைத் தொகுத்தது. 2000இல் வந்த இன்னொரு தொகுப்பில் 44 நாய்கள். பல ஆண்டுப் பதிவேடுகளைப் புரட்டியும் கிடைத்த எண்ணிக்கை அவ்வளவுதான். ஆனால் இவற்றில் பத்துக்கு ஒன்பது தீங்கான புற்றுக்கட்டிகள். பெரும்பாலும் எட்டு வயதை ஒட்டியோ தாண்டியோ, ஒரு பக்கக் கண்ணில் மட்டும், வலியில்லாமல் மெதுவாக வளரும். வலியில்லாததால் நாய் வழக்கம்போலத் தின்கிறது, குரைக்கிறது, தோட்டத்தைக் காவல் காக்கிறது. ஒரு கண் மற்றதைவிடச் சற்றே பெரிதாகத் தெரிவதை வீட்டார் கவனிக்கும்போது, பின்னால் இருப்பது பல மாத வளர்ச்சியாக இருக்கும்.

இதைக் கண்டறிவது ஏன் கடினம் என்பது கண்குழியின் அமைப்பைப் பார்த்தால் விளங்கும். நாயின் கண்ணுருண்டை ஏறத்தாழ 2 செ.மீ. விட்டம் கொண்டது. அதை அசைக்க நான்கு நேர்த்தசைகளும் இரண்டு சாய்தசைகளும் உண்டு. மனிதனுக்கு இல்லாத ஏழாவது தசை ஒன்று கண்ணைக் குழிக்குள் பின்னிழுக்கிறது. இத்தசைகள் கண்ணின் பின்புறத்திலிருந்து குவிந்து ஒரு கூம்பாகின்றன. கூம்பின் நடுவே பார்வை நரம்பு ஓடுகிறது, இடைவெளியைக் கொழுப்பு நிரப்புகிறது. கூம்புக்கு வெளியே மேற்புறத்தில் கண்ணீர்ச் சுரப்பி. கீழ்ப்புறத்தில், கன்ன எலும்பு வளைவின் உட்பக்கம், ஓர் உமிழ்நீர்ச் சுரப்பி. மூக்கின் பக்கம் இருக்கும் எலும்புச் சுவர் மிக மெல்லியது. கண்குழியின் ஆழத்தில் உள்ள துளைகள் வழியே நரம்புகளும் இரத்தக் குழாய்களும் மூளைப் பெட்டிக்குள் நுழைகின்றன. இந்தச் சிறு இடத்தில் எலும்பு, தசை, நரம்பு உறை, கொழுப்பு, இரு வகைச் சுரப்பிகள் என எது வேண்டுமானாலும் புற்றாக மாறலாம். மூக்கிலோ வாயிலோ மூளையிலோ தொடங்கிய கட்டியும் சுவரைத் துளைத்துக்கொண்டு இங்கே வரலாம்.

நாயின் கண்குழிக்கு முழு எலும்புச் சுவர் கிடையாது. மனிதனுக்குக் குழியைச் சுற்றிலும் எலும்பு உண்டு. மாட்டுக்குக் குழியின் விளிம்பாவது முழு எலும்பு வளையமாக இருக்கும். காங்கேயம் காளையின் மண்டையோட்டைத் தொட்டுப் பார்த்தால் கண்ணின் வெளி ஓரத்தில் அந்த எலும்பு விரலில் தட்டுப்படும். நாய்க்கு அதே இடத்தில் ஒரு நார்ப்பட்டை மட்டுமே பாலமாக இருக்கிறது. அடித்தளமும் எலும்பல்ல. தாடைத் தசையும் உமிழ்நீர்ச் சுரப்பியும்தான் அடித்தளம், அவற்றுக்குக் கீழே நேராக வாயின் மேற்புறம். நோயறிதலுக்கு இது பெரிய உதவி. கண்ணுக்குப் பின்னால் நடப்பதை வாய்க்குள் பார்க்க முடிகிறது, மேல்தாடையின் கடைசிக் கடைவாய்ப்பல்லுக்குப் பின்னால் ஊசியை நுழைக்க முடிகிறது.

மாடு வளர்க்கும் கொங்கு வட்டாரத்தில் 'கண் புற்று' என்றால் பலரும் நினைப்பது மாட்டின் கண்ணில் வருவதைத்தான். அது வேறு நோய். இமை, மூன்றாம் இமை, கருவிழி ஓரம் ஆகிய வெளிப்பரப்பில், வெயிலின் புற ஊதாக் கதிர் தூண்டுதலோடு தொடங்கும். ஹெர்ஃபோர்டு போல முகத்தில் நிறமில்லாத இனங்களை அதிகம் தாக்கும். காங்கேயம் மாட்டுக்குக் கண்ணைச் சுற்றிக் கருவளையம் இருப்பது இதற்கு இயல்பான காப்பு. வெளியில் வரும் புற்றை விவசாயி முதல் நாளே பார்த்துவிடலாம். கண்குழிக் கட்டியின் நெருங்கிய உறவை மாடுகளில் தேட வேண்டுமென்றால் லுகோசிஸ் வைரஸால் வரும் நிணப்புற்றைச் சொல்லலாம். அது கண்ணுக்குப் பின்னால் நிறைந்து கண்ணையே வெளியே தள்ளிவிடும்.

நாயைப் பரிசோதிக்கும்போது முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி, கண் பெருத்திருக்கிறதா, தள்ளப்பட்டிருக்கிறதா என்பது. கிளாக்கோமாவில் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி உருண்டையே பெரிதாகிறது. கண்குழிக் கட்டியில் உருண்டையின் அளவு மாறுவதில்லை, இடம் மாறுகிறது. முன்னிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். உதவியாளர் நாயை உட்கார வைத்துப் பிடித்துக்கொள்ள, மருத்துவர் அதன் முதுகுப் பக்கம் நின்று, நெற்றிக்கு மேலிருந்து குனிந்து இரு கண்களின் முன்நுனிகளையும் மூக்கின் கோட்டோடு ஒப்பிடுவார். தள்ளப்பட்ட கண் முன்னே நீண்டு நிற்பது அப்போது தெளிவாகத் தெரியும். பிறகு இரு கருவிழிகளின் அகலத்தையும் அளப்பார். சமமாக இருந்தால் கண் பெருக்கவில்லை. அழுத்தமானியில் நாய்க்கு இயல்பு ஏறத்தாழ 10 முதல் 25 மி.மீ. பாதரசம். கட்டி தள்ளும்போது இது கொஞ்சம் ஏறலாம், கிளாக்கோமா அளவுக்குப் போவது அரிது. பக் நாய்கள் இதில் குழப்பும். 2003இல் ஒரு கைபேசி விளம்பரத்தில் வந்த பிறகு இந்தியாவெங்கும் பரவிய இனம் இது. இதன் கண்குழி பிறவியிலேயே ஆழமில்லாதது, இரு கண்களும் பிதுங்கியே இருக்கும். அதனால் இந்த இனத்தில் இரு கண்களுக்கும் இடையிலான வேறுபாடு மட்டுமே கணக்கு.

அடுத்தது அழுத்திப் பார்த்தல். மூடிய இமைகளின் மேல் இரு கட்டைவிரல்களையும் வைத்து இரு கண்களையும் ஒரே நேரத்தில் மெதுவாகப் பின்னே தள்ள வேண்டும். நல்ல கண் கொழுப்புக்குள் இசைந்து பின்வாங்கும். பின்னால் கட்டியிருக்கும் கண் நகராமல் எதிர்த்து நிற்கும். கருவிழியில் ஆழமான புண் இருந்தால் இப்படி அழுத்தக் கூடாது, கண் உடைந்துவிடும். இந்தச் சோதனைக்கு எந்தக் கருவியும் தேவையில்லை. கிராமத்துக் கால்நடை மருந்தகத்திலும் செய்யலாம். தொடக்க நிலைக் கட்டியைப் பிடிப்பதில் இதற்கு நிகரான எளிய வழி வேறில்லை.

தள்ளும் திசையும் பேசும். கூம்புக்குள் வளரும் கட்டி கண்ணை நேராக முன்னே தள்ளும். கூம்புக்கு வெளியே வளர்வது கண்ணை எதிர்ப்பக்கம் சாய்க்கும். மூக்குப் பக்கத்துக் கட்டியால் கண் வெளிப்பக்கம் பார்க்கும், கீழே உள்ள சுரப்பியின் கட்டியால் மேலே பார்க்கும். மூன்றாம் இமை ஏறிக் கண்ணின் ஒரு பகுதியை மறைத்திருப்பதும் பொதுவான அடையாளம். பிதுக்கத்துக்கு முன்பே இது வந்துவிடுவதால் 'கண்ணில் சதை வளர்ந்திருக்கிறது' என்று தவறாகச் சொல்லப்படுவதும் உண்டு. கட்டி கண்ணின் நடுக்கோட்டுக்கு முன்னால் இருந்தால் நேர்மாறாகக் கண் உள்ளே போய்விடும். அது அரிது. விழித்திரையைப் பார்க்கும் கருவி வழியே நோக்கினால் கண்ணின் பின்சுவர் உட்குழிந்திருப்பதும் பார்வை நரம்பின் முனை வீங்கியிருப்பதும் சில நாய்களில் தெரியும். பிதுக்கம் சிறிதாக இருந்தும் பார்வை முதலிலேயே போயிருந்தால், கட்டி பார்வை நரம்பை ஒட்டியே இருக்கிறது என்று எண்ண இடமுண்டு.

கண்ணைத் தள்ளுவதெல்லாம் கட்டியல்ல. தள்ளுபவற்றில் கட்டியைவிட எளிதாகக் குணமாகும் நோய்கள் சில உள்ளன. அவற்றை விலக்காமல் புற்று என்று முடிவுகட்டுவது நாய்க்குச் செய்யும் அநியாயம். முதன்மையானது சீழ்க்கட்டி. இரண்டு மூன்று நாட்களில் வீங்கும், காய்ச்சல் வரும், கண் சிவக்கும், வாயைத் திறந்தால் நாய் அலறும். அலறுவதற்குக் காரணம் தாடையின் அமைப்பிலேயே இருக்கிறது. வாய் திறக்கும்போது கீழ்த்தாடை எலும்பின் மேல்நுனி முன்னே நகர்ந்து கண்குழியின் பின்பகுதியை அழுத்துகிறது, அங்கே சீழ் இருந்தால் தாங்க முடியாத வலி. குச்சியைக் கடித்து விளையாடும்போது வாயின் மேற்புறத்தில் ஏறிய சிராய், புல்லின் கூர்நுனி, முள், அழுகிய கடைவாய்ப்பல்லின் வேர் ஆகியவை சீழுக்கு வழக்கமான காரணங்கள். காங்கேயத்துக் கொறங்காடுகளில் இதற்கு வாய்ப்பு அதிகம் என்று கருத இடமுண்டு. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் முள்கிளுவை வேலியுமாக அமைந்த மேய்ச்சல் நிலம் அது. பட்டியைக் காக்கும் நாய் நாளெல்லாம் அந்த வேலிக்குள்ளேயே நுழைந்து ஓடுகிறது. மயக்கம் கொடுத்து, கடைசிக் கடைவாய்ப்பல்லுக்குப் பின்னால் சிறிதாகக் கீறி வழி திறந்தால் சீழ் வடிந்து, கண் சில நாட்களில் பழைய இடத்துக்குத் திரும்பும்.

நம் ஊரில் நாயின் வாயைத் திறப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டிருக்கிறதா? வாயை மூட முடியாமல் தாடை தொங்குவதும், எச்சில் வழிவதும், விழுங்க முடியாமல் போவதும் வெறிநோயின் ஊமை வடிவத்திலும் வரும். 'தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது' என்று கையை விட்டு ஆபத்தில் மாட்டிக்கொள்வது இப்படித்தான். தடுப்பூசி விவரம் தெரியாத நாயிடமோ நடத்தை மாறிய நாயிடமோ கையுறையும் முன்னெச்சரிக்கையும் இல்லாமல் வாய்ப் பரிசோதனை செய்யக் கூடாது.

இரத்தக்கசிவும் கண்ணைத் தள்ளும். வண்டியில் அடிபட்டால் காரணம் வெளிப்படை. அடிபடாமல் கசிந்தால் தமிழ்நாட்டில் முதலில் சந்தேகிக்க வேண்டியது உண்ணிக் காய்ச்சல். எர்லிக்கியா கேனிஸ் என்ற பாக்டீரியா, நாயைக் கடிக்கும் பழுப்பு உண்ணி வழியாக வெள்ளணுக்களுக்குள் புகுந்து, இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களைக் குறைத்துவிடுகிறது. 1935இல் அல்ஜீரியாவில் முதலில் விவரிக்கப்பட்ட இந்நோய் இன்று வெப்ப நாடுகளெங்கும் உண்டு. மூக்கில் இரத்தம், ஈறு வெளுப்பு, வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் ஆகியவை கூடவே இருக்கும். தட்டணு எண்ணிக்கை பார்க்காமல் கண்ணுக்குப் பின்னால் ஊசி குத்தினால் கசிவு பெருகி, இருக்கிற பார்வையும் போகும். ஆகவே கட்டி என்று எவ்வளவு உறுதியாகத் தோன்றினாலும் இரத்தப் பரிசோதனைக்குப் பிறகுதான் ஊசி. எர்லிக்கியா என்றால் டாக்சிசைக்ளின் மாத்திரை நான்கு வாரம் கொடுப்பது வழக்கம்.

தசை அழற்சி இன்னொரு போலி. மெல்லும் தசைகளோ கண்ணை அசைக்கும் தசைகளோ நோயெதிர்ப்புக் கோளாறால் வீங்கும்போது பெரும்பாலும் இரு கண்களும் சேர்ந்தே பிதுங்கும். கண் தசை அழற்சி இளம் கோல்டன் ரெட்ரீவர் நாய்களில் அடிக்கடி பேசப்படுவது. உமிழ்நீர்ச் சுரப்பியின் நாளம் உடைந்து எச்சில் தேங்கினாலும் கண் தள்ளும். அங்கே ஊசி விட்டால் கோழை போல் இழுபடும் திரவம் வரும், அதோடு ஐயம் தீரும்.

இவையெல்லாம் விலகி, வலியில்லாத, மெதுவாகக் கூடும் ஒருபக்கப் பிதுக்கம் மட்டும் மிஞ்சினால் கட்டியை நோக்கிச் செல்ல வேண்டும். மூக்கையும் விட்டுவிடக் கூடாது. ஒரு கண்ணாடிச் சில்லை இரு நாசிகளுக்கும் முன்னால் பிடித்தால் மூச்சுக்காற்று இரண்டு பனிவட்டங்களைப் பதிக்க வேண்டும். ஒன்று மங்கலாக இருந்தாலோ இல்லாமல் போனாலோ அந்தப் பக்கம் அடைப்பு. மூக்கில் தொடங்கிக் கண்குழிக்குப் பரவும் புற்று, நாய்களில் கண்குழியைத் தாக்கும் கட்டிகளுள் முக்கியமானது. வாரக்கணக்கில் ஒரே நாசியில் வடியும் இரத்தமும் சளியும் கண் பிதுங்குவதற்கு முன்பே அதை அறிவித்திருக்கும்.

படமெடுப்பதில் எக்ஸ்ரே எல்லா இடத்திலும் கிடைப்பதுதான், ஆனால் மண்டையோட்டின் எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் கண்குழி தெளிவாகத் தெரியாது. எலும்பின் தாதுவில் ஏறத்தாழ 30 முதல் 50 விழுக்காடு கரைந்த பிறகே எக்ஸ்ரேயில் அரிப்பு தெரியும். ஆகவே 'எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது' என்பதை நம்பி நாயை வீட்டுக்கு அனுப்புவது தவறு. ஒரே ஒரு கட்டியை மட்டும் எக்ஸ்ரே அடையாளம் காட்டிக்கொடுக்கும். மண்டையோட்டு எலும்பில் வரும் பல்மடல் எலும்புக் கட்டி, பொரிந்த சோளப்பொரியைக் குவித்ததுபோல் வெண்மையான சிறு உருண்டைகளாகப் படத்தில் தெரியும். மெதுவாக வளரும், வெட்டியெடுத்தாலும் திரும்ப வரும் குணமுடையது, காலம் கடந்து நுரையீரலுக்குப் பரவும்.

அல்ட்ராசவுண்ட் மலிவானது, பெரும்பாலும் மயக்கமே வேண்டியதில்லை. கருவிழியில் மரப்பு மருந்து விட்டு, இமை மேல் கூழ் தடவி, உயர் அதிர்வெண் கருவிமுனையை வைத்தால் கண்ணுருண்டை கருப்பாகவும் அதன் பின்னால் கொழுப்பு வெளிச்சமாகவும் தெரியும். பார்வை நரம்பு அந்த வெளிச்சத்துக்கு நடுவே ஒரு கருங்கோடு. அந்த ஒழுங்கு கலைந்து, ஓரிடத்தில் கருமையான திரட்சியோ கண்ணின் பின்சுவர் நசுங்கியிருப்பதோ தெரிந்தால் அங்கே ஏதோ இருக்கிறது. உள்ளே திரவமா திடமா என்பதையும் ஓரளவு சொல்லும். எலும்புக்கு அப்பால் என்ன என்று மட்டும் சொல்லாது.

அதைச் சொல்வது சி.டி. ஸ்கேன். நீரின் அடர்த்தியை 0 என்றும் காற்றை −1,000 என்றும் வைத்த அளவுகோலில் கொழுப்பு ஏறத்தாழ −100, தசை போன்ற மென்திசு 30 முதல் 60, எலும்பு பல நூறுகள். கண்குழி முழுக்கக் கொழுப்பு நிறைந்திருப்பது இங்கே வரமாக அமைகிறது. கொழுப்பின் கருமைக்கு நடுவே ஒரு சிறு கட்டிகூடச் சாம்பல் நிறத்தில் தனித்துத் தெரியும். மூக்குச் சுவர் அரிக்கப்பட்டிருக்கிறதா, மூளைக்குப் போகும் துளைகள் விரிந்திருக்கின்றனவா, கன்ன எலும்பு வளைவு உட்பட்டிருக்கிறதா என்பதெல்லாம் ஒரே படத்தில் கிடைத்துவிடும். அறுவை சிகிச்சை செய்யலாமா, எந்தப் பக்கத்திலிருந்து நுழைய வேண்டும் என்பதை இந்தப் படம்தான் தீர்மானிக்கிறது. எம்.ஆர்.ஐ. மென்திசுக்களில் சி.டி.யை மிஞ்சும். பார்வை நரம்பின் உறையில் வரும் மெனிஞ்சியோமா நரம்பு வழியே மூளைக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அது காட்டும். இரண்டுக்கும் முழு மயக்கம் தேவை, செலவும் கூடுதல், விலங்குகளுக்கான ஸ்கேன் கருவி எல்லா ஊரிலும் இல்லை. ஆகவே அல்ட்ராசவுண்டையும் ஊசியையும் முதலில் செய்து, அவை காட்டும் விடையைப் பொறுத்து ஸ்கேனுக்கு அனுப்புவதே கொங்கு நாட்டுச் சூழலுக்குப் பொருந்தும் வரிசை.

எக்ஸ்ரே காட்டிக்கொடுக்கும் அந்தப் பல்மடல் எலும்புக் கட்டியைத் தவிர, எந்தப் படமும் கட்டியின் பெயரைச் சொல்லாது. பெயர் சொல்வது செல். 22 கேஜ் அளவுள்ள மெல்லிய ஊசியை, மயக்க நிலையில், அல்ட்ராசவுண்ட் படத்தைப் பார்த்தபடியே கட்டிக்குள் செலுத்த வேண்டும். மேல்புற வெளி ஓரத்தில் நார்ப்பட்டைக்குப் பின்னாலிருந்து நுழைவது ஒரு வழி, வாய்க்குள் கடைசிப் பல்லுக்குப் பின்னாலிருந்து நுழைவது இன்னொரு வழி. பார்வை நரம்பையும் கண்ணின் பின்சுவரையும் தவிர்க்க வேண்டியிருப்பதால் கண்மூடித்தனமாகக் குத்துவது கூடாது. ஊசியில் வந்ததைக் கண்ணாடிச் சில்லில் ஒரு துளி வைத்து, இன்னொரு சில்லால் இழுத்துப் பரப்பி, காற்றில் உலர்த்தி, லீஷ்மன் அல்லது ஜீம்சா சாயம் ஏற்றுவார்கள். சீழானால் மடல் பிரிந்த உட்கருவுடைய வெள்ளணுக்கள் மொய்த்திருக்கும். நிணப்புற்றில் ஒரே மாதிரியான பெரிய உருண்டைச் செல்கள். மாஸ்ட் செல் கட்டியில் செல் முழுக்க ஊதா மணிகள். சுரப்பிப் புற்றில் செல்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். நார்ப்புற்றும் எலும்புப் புற்றும் செல்களை எளிதில் உதிர்க்காது, ஊசியில் வெறும் இரத்தம்தான் வரும். வெறும் இரத்தம் வந்தால் அது 'புற்று இல்லை' என்பதற்குச் சான்றல்ல. தடித்த ஊசியால் திசுவைத் துண்டாக எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதற்கான அறிகுறி.

இந்தியத் தெருக்களில் வாழும் நாய்களைப் பொறுத்தவரை அந்தச் சில்லில் தேட வேண்டிய ஒரு செல் உண்டு. வட்டமான உடல், பெரிய உட்கரு, உட்கருவுக்கு வெளியே மணிகள் கோத்ததாக வரிசையாய் நிற்கும் தெளிந்த குமிழிகள். இது இணைசேரும்போது தொற்றும் கட்டியின் செல். டி.வி.டி. என்று மருத்துவர்கள் சுருக்கிச் சொல்வது இதைத்தான். வைரஸோ பாக்டீரியாவோ அல்ல, புற்றுச் செல்லே நேராக ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்குப் போய் ஒட்டி வளர்கிறது. 1876இல் ரஷ்யக் கால்நடை மருத்துவர் நோவின்ஸ்கி இதை ஒரு நாயிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி வளர்த்துக் காட்டினார், கட்டியை இடம்மாற்றி வளர்த்த முதல் வெற்றி அதுவே. 2006இல் மரபணு ஆய்வு, உலகெங்கும் உள்ள இக்கட்டிகள் அனைத்தும் ஒரே மூதாதைச் செல்லின் வாரிசுகள் என்று நிறுவியது. 43 நாடுகளிலிருந்து 546 கட்டிகளை ஆராய்ந்து 2019இல் வந்த ஆய்வின்படி, அந்த மூதாதை நாய் 4,000 முதல் 8,500 ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் வாழ்ந்தது. நாயின் இயல்பான குரோமோசோம் எண்ணிக்கை 78. இக்கட்டியின் செல்லில் 57 முதல் 59 வரைதான்.

இக்கட்டி வழக்கமாகப் பிறப்புறுப்பில் வரும். ஆனால் நாய்கள் நக்குவதாலும் மோப்பம் பிடிப்பதாலும் மூக்கிலும் வாயிலும் இறங்கும். மூக்கிலிருந்து சுவரைத் தாண்டிக் கண்குழிக்கும் போகும். கருத்தடை செய்யப்படாமல் கூட்டமாகத் திரியும் நாய்கள் அதிகமுள்ள இடத்தில் இது நிலைத்திருக்கிறது. காங்கேயம், வெள்ளகோவில் வட்டாரத்தில் அண்மை ஆண்டுகளில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றதும், விவசாயிகள் இழப்பீடு கேட்டுப் போராடியதும் செய்தித்தாள்களில் வந்தவை. அதே நாய்க்கூட்டங்கள்தான் இக்கட்டிக்கும் இருப்பிடம். தோட்டத்து நாய் அவற்றோடு கலந்தால் தொற்று வீட்டுக்கு வருகிறது.

கண்ணுக்குப் பின்னால் இருப்பது இந்தக் கட்டி என்று தெரிந்துவிட்டால் நாயின் கதியே மாறிவிடுகிறது. வின்கிறிஸ்டின் மருந்தை வாரம் ஒருமுறை இரத்தக் குழாயில் ஏற்றினால், பெரும்பாலும் 4 முதல் 6 ஊசிகளில் கட்டி கரைந்து மறைந்துவிடும். அந்த மருந்து எடுக்கப்படுவது நித்தியகல்யாணிச் செடியிலிருந்து. சுடுகாட்டு மல்லி என்று ஊர்ப்புறத்தில் அழைப்பதும், தமிழகத்தின் மானாவாரி நிலத்தில் மருந்துப் பயிராக விளைவதும் இதே செடி. மருந்து இரத்தக் குழாயைவிட்டு ஒரு துளி வெளியே கசிந்தாலும் அந்த இடம் அழுகிவிடும், ஆகவே பழகிய கை வேண்டும். வெள்ளணுக்கள் குறைகின்றனவா என்று ஒவ்வொரு வாரமும் இரத்தம் பார்க்க வேண்டும். மருந்தால் குணமாகக்கூடிய ஒரு கட்டிக்காக, சில்லைப் பார்க்காமல் கண்ணைத் தோண்டி எடுத்துவிடுவதைப் போன்ற இழப்பு இந்தத் துறையில் வேறில்லை.

நன்மையான கட்டி ஒன்றும் உண்டு. கண்குழியின் மடல் சுரப்பிக் கட்டி என்று சொல்லலாம். 2004இல் 15 நாய்களில் விவரிக்கப்பட்டது. மென்மையாக, உதிரும் மடல்களாக இமைக்கருகிலும் குழிக்குள்ளும் வளரும். வேறிடம் பரவாது, ஆனால் சிறு துணுக்கு மிஞ்சினாலும் திரும்ப வரும். சி.டி. படத்தில் எலும்பு அரிக்கப்படாமல் இருப்பதும், செல்கள் ஒழுங்காக இருப்பதும் இதைக் காட்டும். இதற்கு உயிரைப் பற்றிய அச்சம் இல்லை, கண்ணைப் பற்றிய கவலை மட்டுமே.

பெயர் தெரிந்த பிறகு பரவல் பார்க்கப்படுகிறது. தாடைக்கடியில் உள்ள நிணநீர்க் கணுவில் ஊசி, நெஞ்சை மூன்று கோணங்களில் எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன். நிணப்புற்றாக இருந்தால் கண்குழி அந்நோயின் ஒரு கிளை மட்டுமே, மற்ற கணுக்களும் மண்ணீரலும் பெருத்திருக்கலாம்.

இடையில் செய்யப்படும் இரண்டு தவறுகள் முழு உழைப்பையும் வீணாக்கும். ஒன்று ஸ்டீராய்டு. வீக்கம் வடியட்டும் என்று திசு எடுப்பதற்கு முன்பே பிரெட்னிசலோன் கொடுத்தால் நிணப்புற்றுச் செல்கள் தற்காலிகமாக மடிந்து, ஊசியில் ஒன்றும் அகப்படாது. கண் உள்ளே போனதைக் கண்டு வீட்டார் மகிழ்வார்கள், சில வாரங்களில் கட்டி மருந்துக்கு மசியாத வலுவோடு திரும்பும். மற்றது பார்சல் தவறு. திசுத் துண்டை அதைப்போல் பத்து மடங்கு அளவு 10 விழுக்காடு ஃபார்மலினில் போட வேண்டும். ஊசியில் எடுத்த சில்லுகளையோ ஃபார்மலின் ஆவியே அண்டவிடக் கூடாது. இரண்டையும் ஒரே பெட்டியில் அடைத்து அனுப்பினால் ஆவி பட்டு சில்லில் சாயம் ஏறாமல் போய்விடும். நோயியல் ஆய்வர் கையில் சேரும்போது அது பயனற்ற கண்ணாடி.

காங்கேயத்தைச் சுற்றியுள்ள நாய் வளர்ப்போருக்குக் கால்நடை மருந்தகத்துக்கு அடுத்த கட்டமாகப் போக இடங்கள் உண்டு. நாமக்கல்லில் 1985இல் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது, உடுமலைப்பேட்டையில் 2020இல் இன்னொன்று வந்தது. இரண்டும் 1989இல் அமைந்த தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழுள்ளவை. அதன் தாய்க்கல்லூரியான சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தொடங்கியது. அனுப்பும் மருத்துவர் பிதுக்கம் கண்ட நாள், தள்ளும் திசை, வாய் திறப்பில் வலி உண்டா, தட்டணு எண்ணிக்கை, இதுவரை கொடுத்த மருந்துகள் ஆகியவற்றைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் அங்கே பாதி வேலை முடிந்த மாதிரி. பயணத்தின்போது இமை மூடாத கண் காயாமல் இருக்கச் செயற்கைக் கண்ணீர்க் களிம்பைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை இட வேண்டும். பிதுக்கம் அதிகமானால் இமைகளைத் தற்காலிகமாகத் தைத்துவிடுவதும் உண்டு.

சிகிச்சை பெயரைப் பின்தொடர்கிறது. குழியின் வெளிப்புறத்தில் அடங்கிய சிறு கட்டியைக் கன்ன எலும்பு வளைவை வெட்டித் திறந்து, கண்ணை விட்டுவைத்தே எடுக்கலாம். குழியெங்கும் பரவியிருந்தால் கண்ணோடு குழியில் உள்ள அனைத்தையும் நீக்க வேண்டும். எலும்பில் ஏறியிருந்தால் எலும்பின் ஒரு பகுதியும் போகும். மூளைக்குள் நுழைந்த கட்டிக்கு அறுவை பயன் தராது. வலி தணிப்பதே அங்கே மருத்துவம், வலி தணியாவிட்டால் கண்ணை எடுப்பது நாய்க்கு நிம்மதி. ஒரு கண்ணோடு நாய் சில வாரங்களில் பழகி, பட்டியைச் சுற்றி வரத் தொடங்கிவிடும். எடுத்த திசு எதுவானாலும் முழுவதையும், மூக்குப் பக்கம் எது, மேற்பக்கம் எது என்று நூலால் அடையாளமிட்டு, நோயியல் ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். வெட்டிய விளிம்பில் புற்றுச் செல் இருக்கிறதா என்ற விடை வந்த பிறகே, மறுபடி வெட்டுவதா, மருந்து தொடங்குவதா, மூன்று மாதத்துக்கு ஒருமுறை நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துக் கவனித்தால் போதுமா என்பது முடிவாகும்.